உன் பொண்ணு வேலை விஷயமா

கலா,

மெசேஜ் பாத்து நாலு நாள் ஆச்சு, கோச்சுக்காத. மார்ச் மாசம் எங்க ஆபீஸ்ல வேற பேச்சே கிடையாது, யூ.சி. யூ.சி.னுதான் ஓடிட்டு இருக்கோம். ஆராய்ச்சிக்கு கிராண்ட், அதாவது நிதி, குடுத்தவங்களுக்கு வந்த காசு இவ்ளோ செலவு இவ்ளோ, பேங்க்ல கிடந்ததுக்கு வட்டி இவ்ளோன்னு (ஆமாடி, வட்டிக்கும் கணக்கு உண்டு) எழுதி அனுப்புற யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட், அதான் யூ.சி. அது போகலன்னா அடுத்த தவணை வராது, அது வரலன்னா ஃபீல்ட்ல அலையிற பசங்களுக்கு சம்பளம் கிடையாது.

யூனிவர்சிட்டில மெடிக்கல் ரிசர்ச் ப்ராஜெக்ட் மேனேஜர்னா அப்படி என்னதான் வேலை, உன் பொண்ணு அதுல சேரலாமான்னு கேட்டிருக்க. எங்க மாமியார் இருபது வருஷமா இதத்தான் கேக்குறாங்க, நீ டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, அப்புறம் எதுக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் வருதுன்னு.

ப்ரொஃபசருக்கு ஒரு யோசனை வரும், காசும் வாங்கிருவாரு. அதுக்கப்புறம் முதல் பேஷண்ட சேக்குற வரைக்கும் நடக்குறதெல்லாம் நம்ம தலைலதான். ஆராய்ச்சில சேர்றவங்களுக்கு கெடுதல் வராம பாக்குற எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, சி.டி.ஆர்.ஐ.ங்குற அரசாங்கப் பதிவேட்டுல பதிவு (ட்ரயல்னா, அதாவது மருந்த மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பாக்குறதுன்னா, 2009லேர்ந்து அது கட்டாயம், நம்பர் வராம ஒருத்தரையும் சேக்கக்கூடாது), வெளிநாட்டுக் கூட்டுன்னா டெல்லில இன்னொரு கமிட்டி.

ஒரு கதை சொல்றேன் கேளு. சுகர் பேஷண்ட்ஸ வச்சு ஒரு ட்ரயல், சம்மதப் படிவத்த தமிழ்ல போடணும். யாருக்கு எந்த மருந்துன்னு குலுக்கல் மாதிரி பிரிக்கிறதுக்கு ராண்டமைசேஷன்னு பேரு, யாரோ அகராதிய பாத்து அதுக்கு "சமவாய்ப்பு ஒதுக்கீடு"ன்னு அழகா எழுதிட்டாங்க, நானும் ஓகே பண்ணிட்டேன். முதல் நாளே ஒரு பெரியவர் படிச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, இந்த ஒதுக்கீட்டுல எங்க ஜாதி வருதா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சோம், ஆனா தப்பு அவரு மேல இல்லையே. "சீட்டு குலுக்கிப் போடுற மாதிரி, உங்களுக்கு எந்த மருந்துன்னு டாக்டரும் முடிவு பண்ண மாட்டாரு, நீங்களும் பண்ண முடியாது"ன்னு மாத்தினோம். மாத்தினா சும்மா விடுவாங்களா, புது வெர்ஷன் நம்பர், திரும்ப இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து சரி பாக்கணும், அப்புறம் கமிட்டி, அது மாசத்துக்கு ஒரு தடவதான் கூடும். ஒரே ஒரு வரிக்கு ஆறு வாரம் போச்சு. ப்ரொஃபசர் என் மேல பாஞ்சாரு. எனக்கு அந்த ஆறு வாரம் வீணுன்னு இன்னிக்கும் தோணல, புரியாத பேப்பர்ல கைநாட்டு வாங்குறதுக்கு பேரு சம்மதமா?

சென்னை சேத்துப்பட்டு வழியா பஸ்ல போறப்பெல்லாம் அங்க இருக்குற டி.பி. ஆராய்ச்சி சென்டர பாப்பேன். 1956ல ஆரம்பிச்சது. பேஷண்ட்ஸ ரெண்டா பிரிச்சு பாதி பேர சானடோரியத்துல, அதாவது டி.பி. ஆஸ்பத்திரில, வச்சாங்க, பாதி பேர் வீட்லயே இருந்து அதே மருந்த சாப்பிட்டாங்க. 1959ல ரிசல்ட் வந்தப்போ வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாயிருந்தாங்க, நெருக்கடியான வீடு, அரைவயித்து சாப்பாடுன்னு இருந்தும். உலகம் பூரா டி.பி. வைத்தியமே மாறினதுல அதுக்குப் பெரிய பங்கு. டாக்டர்களத்தான் பேசுவாங்க. எனக்கு என்னமோ சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரைய எண்ணிப் பாத்தவங்க, யூரின் வாங்கி டெஸ்டுக்கு கொண்டு வந்தவங்கதான் ஞாபகம் வருவாங்க.

எங்க ஃபீல்ட் அக்கா ஒருத்தங்களும் அதே ரகம்தான். ஒரு பேஷண்ட் போன் நம்பர மாத்திட்டு காணாம போயிட்டாரு, லாஸ்ட் டு ஃபாலோ அப், அதாவது தொடர்பு விட்டுப் போச்சுன்னு எழுதிடலாம்னு எல்லாரும் சொன்னோம், இந்தக்கா அவரு ஊர் டீக்கடைல ரெண்டு நாள் உக்காந்து விசாரிச்சு திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலைக்கு போயிட்டாருன்னு கண்டுபிடிச்சு, லீவு நாள்ல போய் பிரஷர் பாத்துட்டு வந்தாங்க. பஸ் டிக்கெட்ட பில்லா ஏத்துக்க அக்கவுண்ட்ஸ்ல மூணு மாசம் இழுத்தானுங்க.

இப்ப கசப்பானத சொல்லிடறேன். பெர்மனென்ட் கிடையாது. நான் இருந்த ஒரு இடத்துல பதினோரு மாச ஆர்டர், ஒரு நாள் பிரேக், திரும்ப பதினோரு மாசம், இப்படியே ஒம்போது வருஷம். ஆராய்ச்சிக் கட்டுரை வந்தா கடைசி பாராவுல நன்றி சொல்லுவாங்க, சில சமயம் அதுவும் மறந்துரும். அதனால சேர்றதுக்கு முன்னாடி கிராண்ட் இன்னும் எத்தன மாசம் பாக்கி, பி.எஃப். பிடிக்கிறாங்களான்னு கேட்டுக்கச் சொல்லு, வெக்கப்பட வேணாம். ட்ரயல்னா பேஷண்டுக்கு சீரியஸா ஏதாவது ஆச்சுன்னா 24 மணி நேரத்துல ரிப்போர்ட் போகணும், தீபாவளியா இருந்தாலும். போன சைலண்ட்ல போட்டு தூங்குற பொண்ணுன்னா யோசிக்கட்டும்.

எனக்கு கேட்டா சேரலாம்னுதான் சொல்லுவேன். ஏப்ரல்ல ஒரு நாள் இங்க அனுப்பு, என்கூட ஃபீல்டுக்கு வரட்டும், ஹீல்ஸ் வேணாம், நடக்குற செருப்பு. வர்றப்ப கோவில்பட்டி கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட் குடுத்து விடு, அந்த அக்காவுக்கு ஒண்ணு.

உன் வசந்தி