மங்கல் எந்தப் பக்கம்?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதில் மிக்க மகிழ்ச்சி. கண்புரை அறுவை முடிந்து ஓய்வில் இருந்ததால் என்னால் வர இயலவில்லை. இப்போது தொலைவு துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் பொருத்திய லென்ஸின் குவியம் மாறாது என்பதால், இதை எழுதவும் கண்ணாடி தேவைப்படுகிறது.

திருமணத்தில் புகைப்படத்துக்கு நொடியில் குவிந்த கேமரா, வீடியோவுக்கு மாற்றியதும் முன்னும் பின்னும் அலைந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளிருக்கும் ஒரு கண்ணாடியால் திருப்பிவிடும் பழைய எஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில் குவியம் பார்ப்பதற்கென்றே தனி உணரி (சென்சார்) அடிப்பகுதியில் இருக்கும். லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளி, அங்கே இரண்டு பிம்பங்களாக உணரி வரிசைகளின்மீது விழுகிறது. குவியம் விழவேண்டிய இடத்துக்கு முன்னே விழுந்தால் பிம்பங்களின் இடைவெளி குறையும், பின்னே விழுந்தால் கூடும். ஆகவே, லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடுகிறது. 1985இல் வந்த மினோல்டா 7000 கேமரா இம்முறையைப் பரவலாக்கியது. காப்புரிமை வழக்கில் ஹனிவெல் நிறுவனத்துக்கு 1992இல் 12.75 கோடி டாலர் தந்து தீர்த்துக்கொள்ளும் நிலையும் மினோல்டா நிறுவனத்துக்கு ஏற்பட்டது.

வீடியோவின்போது உள்ளிருக்கும் அந்தக் கண்ணாடி மேலே தூக்கப்படுவதால் அந்த உணரிக்கு ஒளியே போகாது. அப்போது படம் பதியும் உணரியில் அருகருகே உள்ள புள்ளிகளின் ஒளி வேறுபாட்டை மட்டுமே கேமரா நம்ப வேண்டும். படம் மங்கல் என்று அதற்குத் தெரியும், மங்கல் எந்தப் பக்கம் என்று தெரியாது. குவியம் சரியாகும்போது அந்த வேறுபாடு உச்சத்தில் இருக்கும்; அதைத் தாண்டிய பிறகே அது உச்சம் என்று கேமரா அறிந்து திரும்பி வரும். மண்டபத்தின் மங்கிய விளக்கில் அந்த வேறுபாடும் உணரியின் மின் இரைச்சலில் மூழ்கிவிடும். 2013இல் கேனன் 70டி ஒவ்வொரு பிக்ஸலையும் ஒளியை அளக்கும் இரண்டு ஒளி டயோடுகளாகப் பிரித்து, படம் பதியும் உணரியையே திசை அறிய வைத்தது.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட சிடி பிளேயரின் ஏற்பாடே அழகு. சுழலும் தட்டு எவ்வளவு ஏறி இறங்கினாலும் லேசரின் குவியம் ஓரிரு மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். நம் கண்ணில் இருந்தால் சிலிண்டர் பவர் எழுதித் தரும் அதே குறையை (ஒரு திசையிலும் அதன் குறுக்குத் திசையிலும் குவியம் வேறுபடுவதை) அங்கே வேண்டுமென்றே புகுத்தியிருக்கிறார்கள்: குவியம் சரியானால் ஒளிப்புள்ளி வட்டம், தட்டு நெருங்கினால் ஒரு பக்கம் சாய்ந்த நீள்வட்டம், விலகினால் எதிர்ப்பக்கம். நான்கு கூறுகளான ஒளி டயோடில் எதிரெதிர் மூலைக் கூறுகளை இரண்டிரண்டாகக் கூட்டி, ஒரு கூட்டுத்தொகையிலிருந்து மற்றதைக் கழித்தால், விடையின் குறியே திசையைச் சொல்லிவிடும்.

இனி அந்தக் கேமராவில் வீடியோ எடுப்பவரிடம், வேலைப்பாடற்ற பட்டில் அல்லாமல் சரிகைக் கரையிலோ நகையிலோ குவியப்புள்ளியை வைக்கச் சொல்லுங்கள். அலைச்சல் பெரிதும் குறையும்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்