சிம் தட்டு இருக்கான்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐபோன் வந்த பிறகு லைன் விக்கிற கம்பெனிங்க கொட்டம் அடங்கிடுச்சுன்னு நம்ம பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சே, அமெரிக்காவுக்கு அது சரிதான். அங்க அதுக்கு முன்னாடி நெட்வொர்க்காரன் வெச்சதுதான் சட்டம். நோக்கியா இ61ல வைஃபை இருந்துச்சு, அதையே சிங்குலர்ங்கற அமெரிக்க நெட்வொர்க்குக்குன்னு இ62வா 2006ல விட்டப்ப வைஃபையத் தூக்கிட்டாங்க, வைஃபை இருந்தா அவன் டேட்டாவ யாரு வாங்குவா. 2007ல ஆப்பிள் வந்து போன் மேல உங்க பேரே இருக்கக் கூடாது, அப்டேட்ட நாங்களே குடுப்போம்னு நின்னுச்சு. ஆனா அதுக்கு ஈடா 2011 வரைக்கும் அந்த ஊர்ல ஏடி அண்ட் டிங்கற ஒரே நெட்வொர்க்குக்கு மட்டும்தான் ஐபோன், அதுவும் ரெண்டு வருச கான்ட்ராக்ட், வேற சிம் போட்டா எடுக்காது. வாங்கினவனுக்கு எஜமான் மாறுனதுதான் மிச்சம்.

நம்ம பர்மா கதையே வேறங்க. அரசாங்க நெட்வொர்க்கு எம்பிடி மட்டும் இருந்த காலத்துல ஒரு சிம்முக்கு ஆயிரம் டாலருக்கு மேல குடுத்தவங்க இப்பவும் ரங்கூன்ல இருக்காங்க, கேட்டுப் பாருங்க. 2014ல ஊரிடூ, டெலிநார்னு வெளிநாட்டு நெட்வொர்க்குங்க வந்தப்புறம் அதே சிம் 1,500 சாட் (நம்ம பர்மா காசு). போனை நாமளே முழுக் காசு குடுத்து வாங்குறோம், யாருக்கும் கட்டுப்பட்டது இல்ல, ரெண்டு சிம் போட்டு வெச்சுக்கறோம். கரண்ட் போயி ஒரு டவர் படுத்துச்சுன்னா இன்னொண்ணுல பேசலாம், மோல்மேன் பக்கம் போனா அங்க எது எடுக்குதோ அத வாங்கிப் போட்டுக்கலாம். 2022ல டெலிநார் வித்துட்டுப் போயி ஆட்டம் (ATOM)னு பேர் மாறுச்சு, பிடிக்காதவன் வேற சிம் வாங்கிட்டுப் போனான், போன் அதேதான்.

இப்ப அந்த சிம்ம வெச்சு உள்ள தள்ளுற தட்டுக்கே ஆபத்து. எங்க சித்தப்பா மகன் அமெரிக்காவுலேர்ந்து ஒரு ஐபோன் 14 அனுப்பி வெச்சான், மொகல் தெரு கடைப் பையன் சிம் தட்டத் தொறக்கற பின்னக் கையில வெச்சுக்கிட்டு போனைத் திருப்பித் திருப்பிப் பாக்குறான், சிம் போடுற ஓட்டையே இல்ல! அமெரிக்காவுல விக்கிற மாடல் 2022லேர்ந்து அப்படித்தானாம், இசிம் மட்டும்தான், அதாவது போனுக்குள்ளயே இருக்கற, கழட்ட முடியாத சிம். ரெண்டு இசிம் போடலாம், இல்லேங்கல. ஆனா ஸ்கிரீன் செத்துப் போச்சுன்னா பிளாஸ்டிக் சிம்மக் கழட்டி வீட்ல கெடக்கற பட்டன் போன்ல போட்டு அடுத்த நிமிசம் பேசலாம், இசிம்ம அப்படிக் கழட்டி மாத்த முடியாது, நெட்வொர்க்காரன்கிட்டதான் கேட்டு மாத்தணும், கைல இருக்கற இன்னொரு போன் அதை எடுக்கணும். போன் கம்பெனியும் லைன் கம்பெனியும் இதுல சண்டை போட்டுக்கல பாருங்க, ரெண்டு பேருக்கும் வசதி.

அதனால கட்டுரை எழுதுனவர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். புது போன் பத்தி எழுதும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல்னு நாலு வரி எழுதுறீங்க, சிம் தட்டு இருக்கா, எத்தனை சிம் போகும், ஒரே நெட்வொர்க்குக்குன்னு லாக் உண்டா இல்லையான்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. வெளிநாட்டு சொந்தக்காரங்ககிட்ட போன் கேக்கறவங்களுக்கு அதுதான் மொதல்ல தேவை.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகர் ஒருவர்