நாணயவியல் வட்டத்தின் ஆண்டறிக்கை: கிரேக்க வெள்ளி நாணயங்களின் அச்சுகளை எண்ணிய ஓராண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, அன்பார்ந்த வட்ட உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இவ்வாண்டு முழுவதும் நமது வட்டம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கூடிவந்தது. பண்டைய கிரேக்க நகரங்கள் எவ்வளவு வெள்ளி நாணயங்களை அடித்தன என்பதே அக்கேள்வி. அந்நகரங்களின் அக்கசாலைக் (நாணயம் அடிக்கும் சாலை) கணக்குகள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிட்ட நிலையில், நம் கையில் எஞ்சியிருப்பவை நாணயங்கள் மட்டுமே. அந்த நாணயங்களைக் கொண்டே அவற்றை அடித்த அச்சுகளை, அதாவது உருவம் செதுக்கிய அடிகருவிகளை, எண்ணி, அங்கிருந்து உற்பத்தியின் அளவை நோக்கிச் செல்வதே நாம் பயின்ற முறை.

முதற்கூட்டத்தில், பரம்பரையாகப் பொற்கொல்லர் தொழில் செய்துவரும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அச்சடிக்கும் விதத்தைச் செய்து காட்டினார். அடைகல்லில் பதித்த கீழ் அச்சின்மேல் உலோக வில்லையை வைத்து, அதன்மேல் மேல் அச்சை நிறுத்திச் சுத்தியலால் அடிக்கும்போது, அடியை நேராக வாங்குவது மேல் அச்சே என்பதையும், கீழ் அச்சுக்கு அடைகல் தாங்கலாக இருப்பதால் அது நெடுநாள் உழைக்கும் என்பதையும் அவர் விளக்கியபோது, ஆய்வாளர்கள் ஏன் கீழ் அச்சுகளையே கணக்கிற்கு அடிப்படையாகக் கொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெளிவாயிற்று. ஒரு கீழ் அச்சு உழைத்து முடிவதற்குள் மேல் அச்சுகள் பல மாறிவிடும். தேய்ந்த கீழ் அச்சை மாற்றும்போது, அப்போது பயன்பாட்டில் இருந்த மேல் அச்சு புதிய கீழ் அச்சோடும் சேர்ந்து வேலை செய்யும். இப்படிப் பொதுவான அச்சுகளால் பிணைந்த நாணயங்களை ஒன்றோடொன்று கோத்தால், எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசையே கிடைத்துவிடுகிறது.

பயிற்சிக்குச் சிசிலியின் சிராகியூஸ் நகர நாணயங்களைத் தேர்ந்துகொண்டோம். அந்நகர நாணயங்களைப் பற்றி எரிக் போரிங்கர் 1929-இல் வெளியிட்ட அச்சு ஆய்வு, இத்துறையில் நுழைவோர் இன்றும் கற்க வேண்டிய முன்மாதிரி. அங்கே கீழ் அச்சில் இருப்பது நான்கு குதிரைகள் பூட்டிய தேர். சுற்றிலும் டால்பின்கள் நீந்தும் பெண் தலையோ மேல் அச்சில் இருக்கிறது. கீழ் அச்சு அடித்த பக்கத்தையே முன்பக்கமாகக் கொள்வதால், தலை இருக்கும் பக்கமே முன்பக்கம் என்று பழகிய நமக்கு இது முதலில் குழப்பமாகவே இருந்தது. ஆனால் பழகிய பிறகு, குதிரையின் முன்னங்காலுக்கும் தேரோட்டியின் சாட்டைக்கும் இடையிலான இடைவெளி, தலைக்கூந்தலின் ஒரு முடிச்சு, எழுத்துகள் சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றைக் கொண்டே ஒரே அச்சா, வேறு அச்சா என்று உறுப்பினர்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு நாணயத்தில் மயிரிழையாகத் தெரியும் அச்சு விரிசல் இன்னொன்றில் தடித்த வரப்பாக வளர்ந்திருப்பதை முதன்முறையாக நாமே கண்டுபிடித்த மாலையில் அவையில் எழுந்த மகிழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்த கதையை நம் கண்ணாலேயே படித்தோம்.

இப்பயிற்சியில் நாம் செய்த பிழை ஒன்றையும் பதிவுசெய்வது என் கடமை. ஒரே நாணயம் ஏலப் பட்டியல் ஒன்றிலும், பிற்காலத்துத் தொகுப்பு நூல் ஒன்றிலும் வேறு வேறு ஒளியில் எடுத்த படங்களாக இருந்ததைக் கவனியாமல், இரண்டு நாணயங்களாக எழுதிவிட்டோம். மூன்று மாதம் கழித்தே, விளிம்பில் இருந்த சிறு வெட்டைக் கொண்டு அது தெரியவந்தது. இத்தகைய இரட்டிப்பு, அச்சுகளின் எண்ணிக்கையை விடுத்து நாணயங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிடுவதால், கிடைக்கும் மதிப்பீடு உண்மையைவிடக் குறைந்துபோகும். எனவே பதிவேடு முழுவதையும் எடை, விளிம்பு வடிவம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு மீண்டும் சரிபார்த்தோம்.

மதிப்பீட்டுக்கு வாரன் எஸ்டி என்ற கணித அறிஞர் தந்த எளிய வாய்பாடுகளைப் பயன்படுத்தினோம். உறுப்பினர்களின் நினைவுக்காக ஒரு கற்பனைக் கணக்கை இங்கே தருகிறேன். 100 நாணயங்களில் 40 கீழ் அச்சுகள் தென்பட்டால், 100-ஐ 40-ஆல் பெருக்கி, இரண்டிற்கும் உள்ள வேறுபாடான 60-ஆல் வகுக்க வேண்டும். தொடக்கத்தில் இருந்த அச்சுகள் ஏறத்தாழ 67 என்று கிடைக்கும். அந்த 40 அச்சுகளில் 16 அச்சுகளுக்கு ஒரேயொரு நாணயம் மட்டுமே கிடைத்திருந்தால், நாம் கண்டறிந்த அச்சுகள் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 84 விழுக்காட்டை அடித்தவை என்று கொள்ளலாம். கண்ணில் படாத அச்சுகள் 27 இருந்தும், அவை அடித்தது 16 விழுக்காடுதான். பெரும்பாலும் விரைவில் உடைந்துபோன அச்சுகள்தாம் நமக்குக் கிடைக்காமல் போகின்றன.

இவ்வளவுதூரம் உறுதியான தரை. அடுத்த படியில்தான் அறிஞர்களிடையே கடும் வாதம் நடந்தது; நமது வட்டத்திலும் நடந்தது. ஓர் அச்சு எத்தனை நாணயங்களை அடிக்கும்? அந்த எண்ணால் அச்சுகளைப் பெருக்கினால்தான் மொத்த நாணயங்களின் அளவு கிடைக்கும். டேவிட் செல்வுட் தாமே அச்சடித்துப் பார்த்து 1963-இல் வெளியிட்ட சோதனைகள், கீழ் அச்சு ஒன்று 10,000-க்கும் மேற்பட்ட நாணயங்களைத் தரக்கூடும் என்று காட்டின. டெல்ஃபி கோயிலின் கல்வெட்டுக் கணக்குகளில், கி.மு. 336-ஐ ஒட்டிப் பழைய வெள்ளியை உருக்கி அக்கோயிலைப் பேணிய அம்ஃபிக்டியோனிக் கூட்டமைப்பின் பெயரில் புது நாணயம் அடித்த செய்தி இருப்பதால், அவற்றை எஞ்சிய நாணயங்களின் அச்சுகளோடு பொருத்தி, அச்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 23,000 முதல் 47,000 வரை என்று பிலிப் கின்ஸ் கணக்கிட்டார். பிரான்சுவா த கலட்டாய் பொதுச் சராசரியாக 20,000-ஐ முன்வைத்தார். ஆனால் டி. வி. பட்ரி, முதல் நாளிலேயே உடைந்த அச்சும் உண்டு, தேயாமலே ஒதுக்கப்பட்ட அச்சும் உண்டு, ஆகவே இப்படிப் பெருக்குவதே தவறு என்று 1990-களில் அழுத்தமாக மறுத்தார்.

இந்த வேறுபாட்டின் எடையை உணர ஏதென்ஸின் ஆந்தை நாணயத்தை வைத்துக் கணக்கிட்டோம். நான்கு திராக்மா (கிரேக்கரின் வெள்ளிப் பண அலகு) மதிப்புள்ள அந்நாணயத்தின் எடை ஏறத்தாழ 17.2 கிராம். ஓர் அச்சு 20,000 நாணயங்களை அடித்திருந்தால் அது 344 கிலோ வெள்ளி, அதாவது 13 டாலண்டுக்குச் சற்றே மேல் (6,000 திராக்மா ஒரு டாலண்ட்). நாளுக்கு ஒரு திராக்மா கூலியில் 200 பேர் கொண்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு மாதம் ஒரு டாலண்ட் ஆகும் என்பதால், அந்த ஒற்றை அச்சின் வெள்ளி 13 கப்பல்களை ஒரு மாதம் கடலில் வைத்திருக்கும். அச்சு 10,000-இல் ஓய்ந்திருந்தால் 6 கப்பல்களே. 40,000 வரை உழைத்திருந்தால் 26. ஒரு நகரத்தின் வலிமையைப் பற்றிய நம் முடிவே இந்த ஒரு பெருக்கெண்ணைப் பொறுத்து மாறிவிடுகிறது.

ஆகவே, நீண்ட விவாதத்திற்குப் பின், நமது பதிவேடுகளில் அச்சுகளின் எண்ணிக்கையையும் அதன் மதிப்பீட்டு எல்லைகளையும் மட்டுமே எழுதுவது என்றும், நாணயங்களின் மொத்தத்தைச் சொல்ல நேர்ந்தால் குறைந்த அளவையும் கூடிய அளவையும் சேர்த்தே சொல்வது என்றும் ஆட்சிக்குழு முடிவு செய்தது. பட்ரியின் மறுப்பை முழுவதுமாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரே மதிப்பில் அடித்த இரு நாணய வெளியீடுகளில் ஒன்றுக்கு 5 அச்சுகளும் மற்றொன்றுக்கு 50 அச்சுகளும் இருந்தால், இரண்டாவது பெரியது என்பதை எந்தப் பெருக்கெண்ணும் இல்லாமலே சொல்லிவிடலாம். அந்த ஒப்பீடே வரலாற்றுக்குப் பெரிய கொடை.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். படங்களைக் கணினியால் ஒப்பிடலாம் என்று இளைய உறுப்பினர்கள் தந்த முன்மொழிவு, கண்ணால் செய்த பட்டியல் முடிந்தபின் சரிபார்ப்புக்காக ஏற்கப்படும்.

வரும் ஆண்டில், 1960-களின் இறுதியில் எகிப்தின் அஸ்யூத் அருகே கிடைத்து 1975-இல் நூலாக வெளிவந்த, ஏறத்தாழ 900 கிரேக்க நாணயங்கள் கொண்ட புதையலை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். வெள்ளியின் தரம் பார்க்க அவற்றுள் பலவற்றை உளியால் வெட்டியிருப்பதால் அச்சுகளை அடையாளம் காண்பது கடினமாக இருக்கும். ஆகவே மாதம் இருமுறை கூட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்