சாயங்காலம் வரை காத்திருந்த சிஸ்டருக்கு

நேற்று பாப்பாவின் ஆறாம் மாத ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். பாப்பா வயிற்றில் இருந்தபோது எனக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. அது பாப்பாவுக்கு வரவில்லை.

சிஸ்டர், உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதினால் நான் யார் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரிசை வராண்டா தாண்டி நின்றது. பக்கத்தில் மாமியார். லேப் ஜன்னலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிவைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயர் வருவதற்குள் நீங்களே எழுந்து வந்தீர்கள். "உன் கர்ப்பப் பதிவு பிக்மி நம்பரைச் சரிபார்க்கணும், உள்ள வாம்மா. பெரியம்மா, நீங்க இப்படி நிழல்ல உட்காருங்க" என்றீர்கள். கதவைச் சாத்திய பிறகுதான், சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையில் எனக்கு நோய் தெரிந்ததைச் சொன்னீர்கள். எனக்கு ஒரு புண்கூட வந்ததாக ஞாபகமில்லை. அப்படித் தெரியாமலே உடம்புக்குள் இருக்கும் என்றீர்கள். யாரால் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறோர் இடத்தில் நாலு பேர் முன்னால் என்னிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

"பென்சிலின் போட்டாப் போயிடும். எண்பது வருஷமா வேலை செய்யிற மருந்து. உனக்குப் போடுற ஊசி வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான்" என்றீர்கள். கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், பிள்ளை இறந்தே பிறக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்று தெரியாததால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒவ்வொன்றும் 24 லட்சம் யூனிட், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக. அப்படி ஒரு வலி. போட்டு முடித்து, நான் எழுந்திருக்கும் வரை என் கையை விடவே இல்லை நீங்கள்.

அப்புறம் என் வீட்டுக்காரர். லோடு இறக்கிவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். ஓ.பி. எப்போதோ முடிந்திருந்தது. டாக்டரிடம் சொல்லிவைத்துவிட்டு, மதியம் கொண்டுவந்த டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். "இவளை மட்டும் குணமாக்கி அனுப்பினா மறுபடி வந்துடும் தம்பி" என்றதோடு சரி. அவர் தலைகுனிந்தபடி சட்டைக் கையை மடித்துவிட்டார். அன்று நீங்கள் ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் அவர் மறு வாரம் வந்திருக்க மாட்டார். நானும்தான்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகர், பிரசவம் பார்த்த டாக்டர், வீடு தேடி வந்தும் வாசலில் நின்று எதையும் பேசாத கிராம செவிலியர் அக்கா, ராத்திரியில் ஆட்டோ எடுத்த அண்ணன், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இந்த நோயை மருந்து குணப்படுத்துகிறது, சரி. அந்த மருந்து வரைக்கும் ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சாத்திய கதவும் தாழ்ந்த குரலும் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் தெருவில் இரண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் அவர்களை ரத்தம் கொடுக்கக் கூட்டிவருவேன். வீட்டுக்காரர்களையும் கூட வரச்சொல்வேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் சிஸ்டர். ஒருமுறை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.