வெட்டுவதற்கு முன்னால் ஒரு போன்: காயலான் கடை அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் கடைக்கு பைக்கில் வந்து, வெட்டிப் போட்டிருந்த லாரிக்குப் பக்கத்தில் வெகுநேரம் பேசாமல் நின்றுகொண்டிருந்தேனே, அந்த ஆள்தான் எழுதுகிறேன். என் முகத்தைப் பார்த்து டீ சொல்லி அனுப்பினீர்கள். "இதெல்லாம் ஒருத்தருக்கு வேணும்னு எங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்? ஒரு நாள் முன்னாடி வந்திருக்கலாம்ல" என்றும் கேட்டீர்கள். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் பையன் போனில் படித்துக் காட்டட்டும். உங்களைப் போலவே பைபாஸ் ஓரத்தில் கடை போட்டிருக்கிற மற்றவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

உங்கள் மேல் வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் கோபம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய இரும்பை வெட்டாமல் வைத்துப் பூஜையா செய்ய முடியும்?

நீங்கள் வெட்டியது டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 312. 1954-ல் டாடாவின் டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் செய்த முதல் வகை லாரி. முன்னால் நீண்ட மூக்கு, அதில் மூன்று கால் நட்சத்திரம். 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்தது. ஆனால் எங்கள் சங்ககிரி லாரிப் பட்டறைகளில் அதற்குப் பிறகும் பல வருஷம் 'டாடா பென்ஸ்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா அப்படி ஒரு வண்டியில் 11 வருஷம் டிரைவர். சொந்த வண்டி இல்லை, முதலாளி வண்டி. சிமென்ட் லோடு. லீவு நாளில் கிளீனர் பக்கத்தில் என்னையும் ஏற்றிக்கொள்வார். மற்றபடி எனக்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை. நான் பார்ப்பது கணக்கு எழுதுகிற வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னால் எடப்பாடிப் பக்கம் ஒரு களத்துமேட்டில் அதே மாடல் நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கேபினுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்து வந்து எடுத்துக்கொள் என்றார் அந்தத் தோட்டத்து ஆயா. பொறுத்தேன். அந்த வண்டியை மறுபடி ஓட வைக்கத்தான் இந்த அலைச்சலெல்லாம்.

இந்த வேலையில் இறங்கும்போது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன், பழைய லாரி என்றால் எதுவுமே கிடைக்காது என்று. பாதி தப்பு. பேரிங் கிடைக்கிறது. பேரிங்கில் அடித்திருக்கும் நம்பர் உலகம் முழுக்க ஒரே பாஷை. 30212 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்வட்டம் 60 மில்லி. எந்தக் கம்பெனி செய்தாலும் அதுதான் அளவு. ஆயில் சீல் அளவு சொன்னால் வருகிறது. பிரேக் சிலிண்டர் ரப்பரும் அப்படியே. 9.00-20 நைலான் டயர் இன்னும் புதிதாகவே விற்கிறார்கள். ஸ்பிரிங் பட்டை உடைந்தால் அடித்துக் கொடுக்கப் பட்டறை இருக்கிறது. மரக் கேபினுக்குக் கேட்கவே வேண்டாம், நாமக்கல்லில் ஆள் இருக்கிறார்கள்.

இன்ஜினில்தான் சிக்கல். 312 இன்ஜினுக்கு ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள் அகலம்) 90 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 மில்லி, மொத்தம் 4.58 லிட்டர். பின்னால் வந்த டாடா லாரிகளில் 692 என்று ஓர் இன்ஜின் இருந்ததே, உங்கள் கடையில் நூறாவது உடைத்திருப்பீர்கள், அந்த நம்பருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? ஆறு சிலிண்டர், 92 மில்லி போர். 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மில்லி. 692-க்கும் ஸ்ட்ரோக் அதே 120 தான். அதனால் 692 சாமானில் எதெது 312-க்கு ஒத்து வரும் என்று பார்க்க ஆசை வரும். பார்க்கலாம், ஆனால் வெர்னியர் வைத்து அளந்துதான். "எல்லாம் ஒண்ணுதாங்க, கண்ணை மூடிட்டு மாட்டலாம்" என்று சொன்ன ஒரு மெக்கானிக்கை நம்பி இரண்டு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

ஒத்தே வராத ஒன்று இருக்கிறது. 692-ல் நாசில் டீசலை நேராக பிஸ்டன் தலையில் அடிக்கும். 312 அப்படி இல்லை. சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன அறை. டீசல் முதலில் அந்த அறைக்குள் பற்றிக்கொண்டு, அதன் நுனியில் இருக்கிற பொடி ஓட்டைகள் வழியாகச் சீறிக்கொண்டு சிலிண்டருக்குள் இறங்கும். பிரீசேம்பர் என்று பெயர். கட்டைவிரல் பருமனில், பார்த்தால் ஏதோ பழைய குழாய்மூடி மாதிரி இருக்கும். நெருப்பு குடித்துக் குடித்து நுனி கரைந்துபோகும். 692-ல் இந்தச் சாமானே கிடையாது என்பதால் பின்னால் வந்த வண்டியிலிருந்து கழற்றிப் போடவும் வழியில்லை. என் வண்டிக்கு ஆறு வேண்டும். கையில் நல்லதாக ஐந்து இருக்கிறது.

அந்த அறைகளைச் சூடாக்கினால்தான் காலையில் இன்ஜின் எழுந்திருக்கும். அதற்கு ஹீட்டர் பிளக் ஆறு. திருவிழா சீரியல் லைட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் ஆறும் போச்சு. மார்கழி விடியலில் அப்பா ஒவ்வொரு பிளக்காக வயர் வைத்துத் தொட்டுப் பார்த்துச் செத்தது எது என்று கண்டுபிடிப்பார். டார்ச் பிடிப்பது என் வேலை. திட்டு வாங்குவதும்.

டீசல் பம்ப் விஷயம் இதைவிட வயிற்றெரிச்சல். அன்றைக்கு உங்கள் கடையில் பம்ப்பின் அலுமினியப் பாடி அலுமினியக் குவியலில் தனியாகக் கிடந்தது, உள்ளே டீசலை அழுத்தித் தள்ளுகிற எலிமென்டெல்லாம் வேறெங்கோ. பம்ப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு ரிவிட் அடித்திருக்கும். அதில் பி.ஈ.எஸ். 6 ஏ என்று ஆரம்பித்து வரிசையாக எழுத்தும் எண்ணுமாக இருக்கும். 6 என்பது சிலிண்டர், ஏ என்பது பம்ப்பின் சைஸ், அதற்கடுத்த எண் எலிமென்டில் ஏறி இறங்குகிற பிளஞ்சர் தண்டின் பருமன். 70 என்றால் ஏழு மில்லி. பெங்களூரில் மைக்கோ கம்பெனி 1951-ல் தொடங்கி ஜெர்மனியின் பாஷ் பம்ப்புகளை இங்கேயே செய்ததால் எலிமென்ட் தேடினால் இன்னும் ஏதாவது பம்ப் ரிப்பேர் கடையில் மூலையில் கிடைக்கும். ஆனால் அந்தத் தகடு இல்லாமல் போய் நின்றால் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. உங்களுக்கு அது பத்து கிராம் தகடு. எனக்கு அது பம்ப்பின் ஜாதகம்.

கடைகளில் தேடி முடித்தபிறகு நான் கிராமங்களில் தேட ஆரம்பித்தேன். இது உங்களுக்குப் பிடிக்கும். பழைய லாரி எங்கேயும் போவதில்லை அண்ணாச்சி, வேஷம் மாற்றிக்கொண்டு ஊருக்குள்ளேயே இருக்கிறது. டயர் மாட்டு வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தால் ஏதோ ஒரு வண்டியின் முன் ஆக்சிலும் ஹப்பும் தெரியும். பிரேக் டிரம் அடுப்பாகியிருக்கும். கரும்பு ஆட்டுகிற ஆலையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். மெயின் பட்டை அரிவாளாகியிருக்கும். உங்கள் சீமையில் நல்ல அரிவாள் என்றாலே லாரிப் பட்டையில் அடித்ததுதானே? ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற இரும்பு, எனக்குத் தேவைப்பட்ட வீல் டிஸ்க். ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "சத்தம் குறையக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரண்டடித் தண்டவாளத் துண்டு வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். சத்தம் கூடத்தான் ஆனது.

உடைந்தது எனக்கு ஆகாது என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைக்கு இன்ஜின் புகையை வெளியேற்றுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் துண்டுகளை நான் பொறுக்கிக் கோணிப்பையில் போட்டபோது உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வார்ப்பிரும்பில் ஒன்றே ஒன்று கேட்டாலும் ஊற்றித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு முதலில் மரத்தில் பேட்டர்ன், அதாவது அச்செடுக்க மாதிரி உருவம், வேண்டும். பேட்டர்ன் செய்கிற ஆசாரிக்கு உருவம் வேண்டும். ஐந்து துண்டாக இருந்தாலும் ஒட்டவைத்து அளவெடுத்துவிடுவார். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து மில்லி சுருங்கும். அதற்குச் சேர்த்து அளவு குறித்த தனி ஸ்கேலே அவர்களிடம் உண்டு. ஆக உடைந்த துண்டிலிருந்து புதுசு பிறக்கும். அளவெடுக்கத் துண்டுகூட இல்லையென்றால்தான் ஒன்றும் செய்ய முடியாது. சம்மட்டியால் நொறுக்கிக் குவியலோடு குவியலாக உருக்குக்குப் போய்விட்டால் அந்த உருவமும் போனது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்றும் கேட்டீர்கள். முடியும், கொஞ்சம். இதே 312-ஐ ஜெர்மனிக்காரனும் ஓட்டினான்; பிரேசிலில் 1956-ல் பென்ஸ் தொடங்கிய தொழிற்சாலையிலும் முதல் லாரி இதுதான், அங்கே 'டார்பிடோ' என்று செல்லப்பெயர். கேஸ்கட் செட்டும் சில சின்னச் சாமான்களும் அப்படி வந்தவைதான். கனமான சாமானுக்குக் கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேர்த்துப் பார்த்தால் சாமான் விலையை மறந்துவிடலாம்.

ஜெர்மனியில் 30 வருஷம் கடந்து ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு நம்பர் பிளேட்டில் 'எச்' என்று தனி எழுத்து கொடுக்கிறார்கள். லாரிக்கும் உண்டு. நம் ஊரில் 2021-ல் பழைய வண்டிகளுக்கென்று விதி வந்தது. 50 வயது ஆகியிருக்க வேண்டும், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். ஆசையாகப் படித்தேன். சொந்த உபயோகத்துக்கான இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. நாட்டின் நெல்லையும் சிமென்டையும் சுமந்தது ஆறு சக்கரம். ராஜா வீட்டுக் காருக்கு மரியாதை, லோடு அடித்த வண்டிக்கு இல்லை. சரி, அதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. என் வண்டி ரோட்டில் ஓடாது. என் கொட்டகையில் ஸ்டார்ட் ஆகி, ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் களத்தைச் சுற்றி வந்தால் எனக்குப் போதும்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மூக்கு நீண்ட பழைய வண்டி எது வந்தாலும், டாடா பென்ஸோ லேலண்ட் காமெட்டோ பார்கோவோ பெட்ஃபோர்டோ, கேஸ் கட்டர் பற்றவைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் அடியுங்கள். எனக்கு வேண்டியது 312 மட்டும்தான், ஆனால் மற்றதற்கு அலைகிற ஆட்களை எனக்குத் தெரியும். இரண்டு நாள் டைம் கொடுங்கள். அதற்குள் எவரும் வரவில்லையென்றால் தாராளமாக வெட்டுங்கள். வெட்டும்போதும் ஹெட்டைச் சம்மட்டியால் அடிக்காமல் கழற்றச் சொல்லுங்கள். பம்ப்பைத் தகடோடு முழுசாக எடுத்து வையுங்கள். ரேடியேட்டர் செம்பை நீங்கள் விற்றுக்கொள்ளலாம், மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் இருந்தால் நடுவில் புதுசு வைத்துக்கொள்வேன். ஸ்டியரிங் பாக்ஸ், டேஷ்போர்டு மீட்டர், கதவுக் கைப்பிடி, பானெட் கீல் இதெல்லாம் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டுவைத்தால் போதும். சேஸ் நம்பர் துண்டு எனக்கு வேண்டாம், அதை விதிப்படி என்ன செய்ய வேண்டுமோ நீங்கள் செய்யுங்கள். எடுத்துப் போகிற சாமானுக்கு எனக்கு ரசீது மட்டும் வேண்டும்.

விலை உங்கள் வாயால் சொல்லுங்கள். கிலோ கணக்கு எனக்குத் தெரியும், அதற்கு மேல் எவ்வளவு என்பதில் நாம் பேசிக்கொள்ளலாம். ஆளைக் கூலி கொடுத்துக் கழற்றச் சொன்னால் அந்தக் கூலியும் என்னுடையது.

அப்புறம் ஒரு விஷயம். அன்றைக்கே கண்ணில் பட்டது, அந்த மனநிலையில் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் கல்லாப் பெட்டிக்கு மேலே முருகர் படத்துக்கு முன்னால், நுனியில் பொடி ஓட்டைகளோடு ஒரு இரும்பைக் கவிழ்த்து நிறுத்தி, ஓட்டைக்கு ஒன்றாக ஊதுபத்தி செருகி வைத்திருக்கிறீர்களே, அது எனக்குக் குறைகிற ஆறாவது பிரீசேம்பர். சாம்பல் அப்பியிருந்தாலும் ஓட்டையெல்லாம் சரியாக இருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். நல்ல பித்தளை ஊதுபத்தி ஸ்டாண்டாகப் பார்த்து வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வந்த தம்பி