டி.டி.எஸ். எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆர்.ஓ. குடிநீர் (நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி உப்பை வடிகட்டிய நீர்) என்றதும் எல்லாரும் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் மீட்டரைத்தான் நீட்டுகிறார்கள். அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்துத் திறனை மட்டுமே. கரைந்த உப்பு எவ்வளவு என்று அதிலிருந்து ஓரளவு கணிக்கலாம். கிருமி இருக்கிறதா, பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

சரி, மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து ஒப்பிடுங்கள். உள்ளே போகும் நீருக்கு மீட்டர் 500 காட்டி, வெளியே வருவதற்கு 40 காட்டினால், சவ்வு 92 சதவீத உப்பைத் தடுக்கிறது. அதே 500க்கு 120, 150 என்று ஏறிக்கொண்டே போனால் சவ்வைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

சவ்வுக்கு முன்னால் இருக்கும் கார்பன் வடிகட்டியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. நீரிலுள்ள குளோரினை நீக்குவது அதன் வேலை. காலத்தில் மாற்றாவிட்டால் குளோரின் நேரே சவ்வை அரிக்கும். மலிவான வடிகட்டியில் மிச்சம் பிடித்து விலை கூடிய சவ்வை இழப்பது என்ன கணக்கோ!

ஆர்.ஓ. நீர் சேரும் தொட்டியும் கவனிக்க வேண்டியது. குளோரின் நீங்கிய நீர் தேங்கினால் கிருமி எளிதில் வளரும். சில நாள் வெளியூர் போய்த் திரும்பினால் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

அப்புறம், குழாய் நீரிலேயே உப்பு குறைவு, கிருமி மட்டும்தான் கவலை என்றால், புற ஊதாக் கதிர் கருவியே போதும். ஆர்.ஓ.வைப் போல அது நீரைக் கழிவாக வெளியேற்றாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்