பிறந்தநாள் பையில் மீன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போன என் பேத்தி, கையில் ஜாம் போத்தலோடு வீடு வந்தாள். உள்ளே கருநீல உடம்பும் சிவப்புச் செட்டையுமாக ஒரு ஃபைட்டர் மீன். போத்தல் கழுத்தில் றிபன், மூடியில் ஆணியால் குத்திய இரண்டு ஓட்டை. வந்த பிள்ளைகள் 22 பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். பென்சில் பெட்டி, சொக்லேட் என்று கொடுத்து அலுத்துப்போன பெற்றோருக்கு இது புதுமையாகத் தோன்றியிருக்கும். இரண்டு கிழமை கழித்துத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் விசாரித்தேன். 15 மீன் செத்துவிட்டன.

மீனை விற்றவர், "இதுக்குப் போத்தலே காணும், காற்றைக் குடிச்சு வாழும்" என்று சொன்னாராம். முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். முழுப் பொய்யைத் திருத்துவது சுகம், இந்த அரை உண்மைதான் தொல்லை. தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும் ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் பிழைத்துவந்த மீன் இது. பூக்களுக்கு மேலே உள்ள ஒரு சிறிய அறையால் நேரடியாகக் காற்றை எடுக்கும், அதுவரை சரி. (பூ என்று நான் சொல்வது மீன் மூச்சுவிடும் செவுளை.) ஆனால் மூச்சுவிடக் காற்று கிடைத்தாலும் மீன் வெளிவிடும் அமோனியா எங்கே போகும்? அரை லீற்றர் கூடப் பிடிக்காத போத்தலில் அது அங்கேயேதான் கிடக்கும். மீன் தன் கழிவிலேயே வெந்துபோகும்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். பேத்தி ஒரு சிட்டிகை தீன் போட்டாள். அவளுடைய அப்பா தன் பங்குக்கு ஒரு சிட்டிகை. வேலைக்கு வரும் அக்கா, பாவம் பசிக்கும் என்று ஒரு துண்டு பாண். காலையில் பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. மீன் செட்டையை மடித்த குடைபோல் ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. அதற்கு ஒரு நேரத்துக்குச் சின்னத் தீன் மணிகள் இரண்டு மூன்று காணும், ஒரு நாளைக்கு இரண்டு தரம். கிழமையில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது.

அன்றே 20 லீற்றர் தொட்டியும் மெதுவாக ஓடும் ஒரு ஸ்பொஞ்ச் வடிகட்டியும் வாங்கினோம். நீளச் செட்டையோடு வேகமான நீரோட்டத்தில் நீந்த மீனால் முடியாது. அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை ஓரளவு ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுவது பற்றீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருகச் சில கிழமைகள் பிடிக்கும். அதுவரை இரண்டு நாளைக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினேன். இப்போது கிழமைக்கொருமுறை கால்வாசி மட்டும். ஸ்பொஞ்சைப் பைப்பில் பிடித்துக் கழுவாதீர்கள். பைப் தண்ணீரில் இருக்கும் குளோரின் ஸ்பொஞ்சில் குடியிருக்கும் அந்த பற்றீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

களனி கங்கையிலிருந்து வரும் எங்கள் பைப் தண்ணீரைக் குடிக்கத்தான் சுத்திகரிக்கிறார்கள், மீன் வளர்க்க அல்ல. ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். கடையில் விற்கும் சொட்டு மருந்து ஊற்றினால் உடனே போகும். வாளியை மட்டும் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். கொழும்பில் டெங்கு என்பது செய்தித்தாளோடு நிற்கும் விஷயமல்ல. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகலைத் தடுக்கும் சட்டம் மொட்டைமாடி வாளிக்கும் பொருந்தும். நுளம்புக் குடம்பி ஃபைட்டருக்குத் தேன் மாதிரி, அது உண்மை. அதற்காக ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து நுளம்பு வளர்க்கலாம் என்று என் மருமகன் யோசனை சொன்னார். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நீங்களே பதில் சொல்லுங்கோ என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

சூடாக்கி ஒன்றும் வேண்டாம். 25 முதல் 28 பாகை வரை இந்த மீனுக்குப் பிடிக்கும், கொழும்பில் அது தானாகவே கிடைக்கிறது. ஆனால் ஏசி அறையில் வைத்தால் எல்லாம் கெடும். மகளின் அறையில் இரண்டு இரவு வைத்தபோது தீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வரவேற்பறைக்கு மாற்றிய பிறகுதான் உசாரானது. தொட்டியை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. மேலே காற்றுக்கு இடம் வேண்டும், துள்ளிப் பாயாமல் வலை மூடியும் வேண்டும். கண்ணாடி காட்டிச் சண்டைக்கு இழுப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. ஒரு நிமிடத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள், மீன் களைத்துப்போகும். இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விடவே விடாதீர்கள்.

வளர்க்க முடியாதவர்கள் செய்யும் இன்னொன்றும் எனக்குப் பயம். ஒரு தாய், "வெள்ளவத்தைக் கால்வாயில விட்டுட்டம், நல்லா இருக்கும்" என்று குழுவில் எழுதியிருந்தார். அந்தத் தண்ணீரில் அது நல்லாயிருக்காது. அப்படியே பிழைத்தாலும் வெளிநாட்டு மீனை எங்கள் நீர்நிலையில் விடக்கூடாது. ஃபைட்டருக்கு உறவுமுறையான மல்புலுத்தா என்ற மீன் உலகத்திலேயே இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது, ஈரவலயத்துச் சின்ன ஓடைகளில் ஒதுங்கி வாழ்கிறது. அதற்கு இருக்கிற கஷ்டம் போதாதா? வைத்திருக்க முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

விற்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மீனோடு தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி எழுதிய ஒரு துண்டுக் கடுதாசி கொடுங்கள், போத்தலில் வைத்து விற்காதீர்கள். பெற்றோரிடம் கேட்பது அதைவிடக் குறைவு: சாமான் பையில் உயிரைப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒழுங்காகப் பார்த்தால் மூன்று வருடம் இருக்கக்கூடிய மீன் அது.

எங்கள் மீன் இப்போது தொட்டியில் மிதக்கும் கொட்டம்பா இலையின் கீழே நுரைக் கூடு கட்டியிருக்கிறது. சவர்க்கார நுரை என்று நினைத்து வழித்தெடுக்கப் போன அக்காவை நேற்றுத்தான் தடுத்தேன். மீன் கொடுத்த அந்த விழா வீட்டின் இளைய பிள்ளைக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். குரோட்டன் கன்று கொடுங்கள் என்று தாய்க்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06